மீசைக்கார ஈயும் மாமாவின் தேன்பெட்டிகளும்

போன ஐப்பசியில் மார்த்தாண்டம் பக்கத்தில் இருக்கிற மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தோட்டம், அதன் ஓரத்தில் கொஞ்சம் தென்னை, தென்னைக்கு நடுவில் 22 தேன்பெட்டி. நான் போய் இறங்கிய காலையில் மாமா கையில் கொசு பேட்டோடு பெட்டிகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். இந்தக் காலை வெயிலில் கொசுவா என்று கேட்டேன்.

"கொசு இல்ல மக்கா. அந்தக் கம்புல இருக்கு பாரு, அதுதான். தேனீய ஒண்ணொண்ணா பிடிச்சிட்டுப் போவுது. ரெண்டு வாரமா பாத்துட்டு இருக்கேன்."

காய்ந்துபோன மரச்சீனிக் கம்பு ஒன்றின் நுனியில் ஒல்லியான, சாம்பலும் பழுப்பும் கலந்த ஒரு பூச்சி உட்கார்ந்திருந்தது. மூன்று சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தலையை மட்டும் சட் சட்டென்று திருப்பிக்கொண்டே இருந்தது. பூச்சிகள் அப்படித் தலை திருப்பிப் பார்த்து நான் அதிகம் கவனித்ததில்லை. திடீரென்று எழும்பியது, காற்றில் எதையோ தொட்டது, அதே கம்புக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தது. காலிடுக்கில் ஒரு தேனீ. எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிட்டது. தேனீ கொட்டக்கூட நேரமில்லை.

மாமா அன்றைக்குக் காலையில் ஏற்கெனவே ஏழு பூச்சிகளை பேட்டால் அடித்திருந்தார். ஒரு பெயின்ட் டப்பா மூடியில் எல்லாவற்றையும் போட்டு வைத்திருந்தார். என் வேலை அந்த மூடியிலிருந்துதான் தொடங்கியது.

நான் முதலில் நினைத்தது தும்பி. வயிறு நீளம், கண் பெரிசு, கம்பு நுனியில் காவல் இருக்கிற பழக்கம், எல்லாம் பொருந்துகிறது. ஆனால் தும்பிக்கு நான்கு இறக்கை. இதற்கு இரண்டுதான். அடுத்து குளவி என்று நினைத்தேன், குளவிக்கும் நான்கு. இரண்டு இறக்கையும், பின் இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை மாதிரி ஒரு சின்னக் குமிழும் இருந்தால் அது ஈ. அந்தக் குமிழ்தான் பறக்கும்போது உடம்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஈக்குச் சொல்கிற கருவி. கைலென்ஸில் பார்த்தேன், குமிழ் இருந்தது. ஆக, ஈ.

ஈ என்றால் நமக்கு சோற்றில் உட்காருவதுதான் ஞாபகம் வரும். வேட்டையாடி உயிர்வாழும் ஈ குடும்பங்கள் பல உண்டு. இது அதில் பெரிய குடும்பம், அசிலிடே. ஆங்கிலத்தில் ராபர் ஃப்ளை என்பார்கள். தமிழில் கொள்ளைக்கார ஈ என்று எழுதலாம். உலகம் முழுக்க 7,000-க்கும் மேற்பட்ட இனங்கள். கண்டுபிடிக்க இரண்டு அடையாளம் போதும். ஒன்று, நேருக்கு நேர் முகத்தைப் பார்த்தால் இரண்டு கண்ணுக்கும் நடுவில் உச்சந்தலை குழிந்திருக்கும், யாரோ கட்டைவிரலால் அமுக்கிவிட்ட மாதிரி. இரண்டாவது, மீசை. வாய்க்கு மேலே அடர்த்தியாகக் கம்பி மாதிரி முடி. இதற்கு அறிவியலிலும் 'மிஸ்டாக்ஸ்' என்றுதான் பெயர், கிரேக்கத்தில் மீசை. பிடித்த இரை உதறும்போதும் கொட்ட முயலும்போதும் முகத்தைக் காப்பாற்ற இது உதவுகிறது என்று கருதுகிறார்கள். மூன்றாவதாக ஒன்று வேண்டுமென்றால் கால்களைப் பாருங்கள். முள்வேலி. ஆறு காலையும் கூடை மாதிரி குவித்துத்தான் இரையைப் பிடிக்கிறது.

மூடியில் கிடந்த ஏழையும் இந்த அடையாளங்களை வைத்துப் பார்த்தேன். நான்குதான் கொள்ளைக்கார ஈ. இரண்டு பூ ஈ. தேனீ மாதிரியே கோடு போட்ட உடம்போடு பூவுக்கு மேல் அசையாமல் மிதக்குமே, அது. அவை தேனீயைத் தொடுவதேயில்லை; பூந்தேன் குடித்து வாழ்கிறவை, அவற்றில் பலவற்றின் புழுக்கள் செடியில் அசுவினியைத் தின்று நமக்கு உபகாரம் செய்கின்றன. மிச்சம் ஒன்று மண்கூடு கட்டுகிற குளவி. அதுவும் தேனீ வழிக்குப் போகாது. மாமாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் மூடியைப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒண்ணுபோலத்தானே இருக்கு" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. பத்து நிமிடத்துக்கு முன்னால் நானே அதைத் தும்பி என்றேன்.

குடும்பம் தெரிந்துவிட்டது. எந்த ஈ? இங்கேதான் இணையத்தில் படம் போட்டுப் பெயர் கேட்கிறவர்கள் சறுக்குவார்கள், நானும் பலமுறை சறுக்கியிருக்கிறேன். இந்தக் குடும்பத்தில் பல இனங்களை ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பிரிக்க முடியும். போட்டோ எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பேரினம் வரைக்கும் போகலாம், அதற்கு மேல் போனால் அது ஊகம். பேட்டில் அடிபட்டது கையில் இருந்ததால் எனக்கு ஒரு வசதி: இறக்கையை விரித்து நரம்புகளைப் பார்க்கலாம். இறக்கை நுனிக்கு முன்னால், மேல் விளிம்பை ஒட்டி இருக்கும் அறைகளை எண்ணினேன். பல பேரினங்களில் அங்கே இரண்டு அறை. இதில் ஒரு குறுக்கு நரம்பு ஓடி மூன்றாக்கியிருந்தது. நான்கில் ஒன்றுக்கு வால் நுனியில் வெள்ளைக் குஞ்சம் இருந்தது, அது ஆண். மூன்று அறை, வெள்ளைக் குஞ்சம், கோடுபோட்ட வயிறு, பெரிய உடல். ப்ரோமாக்கஸ் பேரினம் என்று எழுதி வைத்தேன். இனப் பெயரை எழுதவில்லை.

ப்ரோமாக்கஸ் என்று தெரிந்ததும் மாமா பக்க நியாயம் கூடித்தான் போனது. இந்தப் பேரினத்தில் அமெரிக்காவில் இருக்கிற ஒன்றுக்கு 'நெப்ராஸ்கா தேனீக்கொல்லி' என்றே பேர். தேனீ வளர்ப்பவர்கள் நூறு வருடத்துக்கும் மேலாக இந்தக் குடும்பத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கொல்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். இதன் வாய் கடிக்கிற வாய் இல்லை, ஊசி. கழுத்து, கண், வயிற்றுத் தகடுகளின் இடுக்கு என்று ஓடு மெலிந்த இடமாகப் பார்த்துக் குத்தி எச்சிலை உள்ளே செலுத்துகிறது. அந்த எச்சிலில் நரம்பை முடக்குகிற நஞ்சும், உள்ளே இருப்பதைக் கூழாக்குகிற நொதிகளும் இருக்கின்றன. 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் இந்த நஞ்சில் இருக்கிற புரதங்களை அடையாளம் கண்டு 'அசிலிடின்' என்று பெயரிட்டார்கள். அவற்றில் ஒன்றைத் தேனீக்களுக்கு ஊசி போட்டுத்தான் சோதித்தார்கள். கூழானதை உறிஞ்சிய பிறகு ஓட்டை அப்படியே கீழே போட்டுவிடும். பறக்கிற இரையைப் பிடிக்கிற திறமை இன்னொரு கதை. ஆறு மில்லிமீட்டரே இருக்கும் ஒரு அமெரிக்கக் கொள்ளைக்கார ஈக்கு முன்னால் மீன்பிடி நரம்பில் சின்ன மணியைக் கோத்து இழுத்துக் காட்டினார்கள் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள். 2017-ல் முடிவு வந்தது. ஈ மணியைத் துரத்திப் போகவில்லை. மணி போய்ச் சேரப்போகிற இடத்தைக் கணித்து அங்கே போகிறது. கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர் தூரத்தில் பாதையை மாற்றி, வேகத்தைக் குறைத்து, இரையோடு ஒத்துப் பறந்து பிடிக்கிறது. மாமாவிடம் இதைச் சொன்னபோது, "நல்லா இருக்கு. அதுக்கு நான் பெட்டி வச்சு சாப்பாடு போடணும்" என்றார்.

அவருடைய கோபத்துக்குப் பழைய காரணமும் உண்டு. 1991, 92 வாக்கில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுக்க இந்தியத் தேனீயை வாரிக்கொண்டு போனது. புழுக்கள் பை மாதிரி நீர் கோத்துச் செத்துப்போகும். மாமாவின் அப்பா அப்போது எல்லாப் பெட்டியையும் இழந்தார். காலிப் பெட்டிகளை விறகுக்குப் போட்டதை மாமா சின்னப் பையனாகப் பார்த்திருக்கிறார். பெட்டிக்கு முன்னால் எது செத்துக் கிடந்தாலும் அவருக்கு அந்த வருடம்தான் ஞாபகம் வரும்.

சரி, இந்த ஈ என்னதான் தின்கிறது? "தேனீதான், கண்ணால பாக்கோமே" என்றார் மாமா. இதில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது. மாமா நாள் முழுக்க நிற்கிற இடம் தேன்பெட்டிக்கு முன்னால். அங்கே பறப்பதில் பெரும்பங்கு தேனீ. அங்கே வேட்டையாடுகிற ஈ தேனீயைப் பிடிக்காமல் வேறு எதைப் பிடிக்கும்? டீக்கடை வாசலில் நின்று பார்த்துவிட்டு இந்த ஊர்க்காரர்கள் டீ மட்டும்தான் குடிப்பார்கள் என்று சொல்கிற மாதிரி ஆகிவிடும்.

இந்தக் கேள்வி பழையது. ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த எட்வர்ட் பூல்ட்டன் 1906-லேயே, வேட்டையாடும் பூச்சியையும் அது பிடித்திருந்த இரையையும் சேர்த்துச் சேகரித்த பதிவுகளைத் தொகுத்துப் பெரிய கட்டுரையாக வெளியிட்டார். பிறகு அமெரிக்காவில் ஸ்டான்லி ப்ராம்லி தேனீ கொல்லும் ஈக்களை மட்டும் தனியாக எடுத்து ஆராய்ந்தார். வயோமிங்கில் ராபர்ட் லவீன் இந்தக் குடும்பத்தின் இரைப் பதிவுகளை ஒரு தரவுத்தளமாகவே சேர்த்தார். இவர்கள் எல்லோரும் செய்தது அடிப்படையில் ஒரே வேலைதான்: எந்த ஈ, கையில் என்ன, எந்த இடம் என்று ஒவ்வொன்றாக எழுதிவைப்பது. அதைச் செய்ய ஆய்வகம் வேண்டாம்.

நான் அத்தையிடம் பழைய வெள்ளை வேட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி நான்காகக் கிழித்தேன். ஈ வழக்கமாக உட்காருகிற நான்கு இடத்துக்குக் கீழே விரித்துக் கல் வைத்தேன். இரண்டு இடம் பெட்டிகளுக்குப் பக்கத்தில். மற்ற இரண்டு இடம் எருக்குழி, மாட்டுத்தொழுவம் பக்கத்து வேலியில். கொள்ளைக்கார ஈயின் எச்சிலைக் கண்டுபிடிப்பது சுலபம். சிலந்தி என்றால் நூல் சுற்றியிருக்கும். கும்பிடுபூச்சி தின்றால் இறக்கையும் காலும் தனித்தனியாகக் கிடக்கும். தும்பி மென்று தின்னும். இந்த ஈ போட்ட ஓடோ கடையில் வாங்கிய பொம்மை மாதிரி முழுசாக இருக்கும், எடுத்தால் எடையே இராது. சில வண்டுகளை ஊதினாலே உருண்டுபோயின.

19 நாள் இருந்தேன், நடுவில் மூன்று நாள் மழை. துணியில் கிடைத்ததும், ஈயின் காலில் நேராகப் பார்த்ததும் சேர்த்து 46 இரை. அதில் தேனீ 11. அந்தப் பதினொன்றிலும் இரண்டு கொம்புத்தேனீ, மாமாவின் பெட்டிக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. அதிகம் அகப்பட்டது மற்ற ஈக்கள்தான், 13. மாட்டு ஈ, நீல ஈ, அப்புறம் தன் ஜாதியிலேயே சின்னதாக ஒரு கொள்ளைக்கார ஈ. தன் இனத்தையே தின்பது இந்தக் குடும்பத்தில் சாதாரணம். வண்டு எட்டு. இலைத் தத்துப்பூச்சி, நாவாய்ப்பூச்சி வகையறா ஆறு. சின்னக் குளவியும் இறக்கை முளைத்த எறும்புமாக ஐந்து, அந்துப்பூச்சி இரண்டு, ஊசித்தும்பி ஒன்று. இதில் முக்கியமானது எந்த இடத்தில் எது என்பது. பதினொரு தேனீயில் பத்து பெட்டிப் பக்கத்துத் துணிகளில் கிடைத்தவை. தொழுவப் பக்கத்தில் ஒன்றே ஒன்று. அதே ஈ, நாற்பது அடி தள்ளி உட்கார்ந்தால் மாட்டு ஈயைத் தின்கிறது. அது தேனீயைத் தேடி வரவில்லை. தன்னால் தூக்க முடிந்த, கண்முன் பறக்கிற எதையும் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

46 என்பது ஆய்வுக்கட்டுரை எழுதுகிற எண்ணிக்கை இல்லை. ஒரு தோட்டம், ஒரு பருவம். ஆனால் பேட்டைக் கையில் எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய எனக்கு அது போதுமாக இருந்தது.

மாமாவிடம் இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டினேன். ஒரு பெட்டியில் பத்தாயிரம் வேலைக்காரத் தேனீ என்று வைப்போம். ஒன்றின் ஆயுள் சுமார் நாற்பது நாள். அப்படியானால் ஈயே இல்லாவிட்டாலும் ஒரு பெட்டியில் தினமும் 250 தேனீ வயதாகிச் சாகிறது, அதே அளவு புதிதாகப் பிறக்கிறது. தோட்டத்தில் பத்து ஈ இருந்து ஆளுக்கு இரண்டு பிடித்தாலும் 22 பெட்டிக்கும் சேர்த்து 20. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"கணக்கு சரிதான் மக்கா. ராணி ஒண்ணுல்லா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னது முழுக்க சரி. மழைக்குப் பிறகு தை, மாசியில் ரப்பர் தேன் வருவதற்கு முன்னால், இந்த மாதங்களில்தான் பெட்டி பிரிப்பார்கள். (ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை, தளிரிலைக் காம்பில் இருக்கிற சுரப்பியிலிருந்து வருகிறது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.) பிரித்த பெட்டியில் பிறக்கிற புது ராணி, இணை சேர ஒருநாள் பிற்பகலில் வெளியே பறந்துபோய்த் திரும்பி வர வேண்டும். அந்தப் பயணத்தில் அது அகப்பட்டால் அந்தப் பெட்டியே போச்சு. நான் போட்ட கணக்கில் ராணியும் வேலைக்காரியும் ஒரே எண்.

அன்று ராத்திரி அர்ஜென்டினா கட்டுரைகளை மறுபடி எடுத்துப் படித்தேன். பாம்பாஸ் புல்வெளியில் மல்லோஃபோரா ரூஃபிகௌடா என்ற கொள்ளைக்கார ஈ இருக்கிறது. அங்கே அதன் பேரே 'தேனீ வேட்டைக்காரன்'. தேனீ வளர்ப்பவர்களுக்கு உண்மையான நஷ்டம் உண்டாக்குகிற பூச்சி. மார்செலா காஸ்டெலோவும் ஹுவான் கோர்லியும் அதன் புழுவைப் பற்றிப் பல ஆண்டு வேலை செய்திருக்கிறார்கள். தாய் ஈ உயரமான புல்லிலும் வேலியிலும் முட்டையிடுகிறது. பொரிந்த புழு காற்றில் உதிர்ந்து மண்ணுக்குள் போய், வாசனை பிடித்து வேர்ப்புழுவைத் தேடி, அதன் மேல் ஒட்டிக்கொண்டு தின்று வளர்கிறது. பயிரின் வேரைக் கத்தரிக்கிற அதே வெள்ளை வேர்ப்புழு. வெயிலில் தேனீக்கு எதிரி, மண்ணுக்குள் வேர்ப்புழுவுக்கு எதிரி, இரண்டும் ஒரே உயிர்.

அதைப் படித்ததும்தான் எனக்கு ஒன்று உறைத்தது. தொழுவ வேலியில் புல்தண்டின் மேல் சுண்ணாம்பு அப்பின மாதிரி வெள்ளைக் கட்டி இரண்டு பார்த்திருந்தேன். கும்பிடுபூச்சி முட்டைக்கூடு என்று நினைத்து விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் போய் ஒன்றைக் கீறிப் பார்த்தால் உள்ளே அடுக்கடுக்காக முட்டை. ப்ரோமாக்கஸும் இப்படித்தான் வெண்மையான கட்டியாக முட்டையிடும். எருக்குழி ஓரத்து மண்ணை உட்கார்ந்து தேடினேன். பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலுமாக, பழுப்பு நிறத்தில், முள் வளையம் வளையமாக இருந்த காலிக் கூட்டுப்புழு ஓடு மூன்று கிடைத்தது. ஈ வெளியேறும்போது இப்படித்தான் ஓட்டை மண்ணில் நட்டுவிட்டுப் போகும். ஆக, இவை எங்கிருந்தோ தேனீயைத் தேடி வந்தவை இல்லை. இந்த மண்ணிலேயே வளர்ந்தவை. எருக்குழியைக் கிளறினால் கொழுத்த வண்டுப்புழு எத்தனையோ. காண்டாமிருக வண்டுக்கும் அதுதான் பிறந்த வீடு. தென்னை வைத்திருக்கிற யாருக்கும் அந்த வண்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஈயின் புழு அங்கே எந்தப் புழுவைத் தின்கிறது என்று நான் தோண்டிப் பார்க்கவில்லை. ஆனால் இந்தக் குடும்பத்தில் பலவற்றின் புழுவுக்கு வண்டுப்புழுதான் தீனி.

மாமாவை அழைத்துப் போய் அந்த ஓடுகளைக் காட்டினேன். ஒன்றைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். "இவ்வளவு நாளா எருக் கோரியிருக்கேன், இத கண்டதே இல்ல" என்றார்.

பிறகு நாங்கள் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பெட்டிகளுக்கு முன்னால் நின்ற காய்ந்த கம்பு, வெட்டிப் போட்ட மரச்சீனித் தண்டு, துணி உலர்த்த நட்டிருந்த மூங்கில் எல்லாவற்றையும் பிடுங்கினோம். இந்த ஈக்கு வெயில் படுகிற, நாலாபக்கமும் பார்வை தெரிகிற ஒரு மொட்டைக் குச்சி வேண்டும்; இல்லாத இடத்தில் நிற்காது. புது ராணி வரப்போகிற ஐந்து பெட்டியை மட்டும் சாயங்காலம் தேனீ அடைந்த பிறகு தூக்கி, தூரத்தில் உள்ள சித்தப்பா வீட்டுப் பலா மர நிழலுக்குக் கொண்டுபோனோம். ராணி கூட்டத்தைத் தாண்டி எங்கே போகிறது என்பது நம் கையில் இல்லை. வாசலில் காவல் நிற்கிறவனையாவது குறைக்கலாம். தொழுவத்துப் பக்க வேலியைத் தொடவில்லை. அங்கே ஈக்கள் முன்னைவிட அதிகமாகவே உட்கார்ந்தன.

நான் ஊருக்குக் கிளம்பின பிறகு மாமா போனில் சொன்னது: ஐந்தில் நான்கு பெட்டியில் ராணி முட்டை வைத்துவிட்டது. ஒன்றில் ராணி திரும்பவில்லை. பஞ்சுருட்டான் குருவியும் அந்த வாரம் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்ததாம். அந்தப் பெட்டியைப் பக்கத்துப் பெட்டியோடு சேர்த்துவிட்டார்.

கொசு பேட்டைப் பற்றிக் கேட்டேன். "கொசுவுக்கு வச்சிருக்கு" என்றார். வேட்டித் துண்டு இரண்டு இன்னும் தொழுவப் பக்கம் விரித்துத்தான் இருக்கிறது; கிடைக்கிறதை ஒரு தீப்பெட்டியில் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். தீப்பெட்டிக்குள் எட்டு ஓடு, பக்கத்தில் கையெழுத்தில்: மாட்டு ஈ 5, வண்டு 2, தேனீ 1.